அரைப்பேரா, முழுப்பேரா?
கிறிஸ்தவ வாழ்வில் முழு மனசு: குடும்பமாகப் படிக்க ஒரு பாடம்



இந்த இதழின் படிப்புப் பக்கத்தில், கிறிஸ்தவ வாழ்வில் முழு மனசோடு நடப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். நம்முடைய தோட்டங்களில் பெரும்பாலான குடும்பங்கள் இந்துக் குடும்பங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் லயத்துக்கு ஒன்று இரண்டு என்றுதான் இருக்கின்றன. ஆனாலும் இந்தப் பாடத்தை எல்லோரும் படிக்கலாம். மனசு இரண்டாகப் போனால் வீடு என்ன பாடுபடும் என்பது எந்தச் சாமியைக் கும்பிடுகிறவருக்கும் தெரிந்த சங்கதிதானே!

1. பேர் என்றால் நமக்குத் தெரியும்

காலையில் பிரட்டுக்குப் போகிறோம். மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறோம். சொன்ன அளவு கொழுந்து நிறுவையில் விழுந்தால் செக்ரோலில் ஒரு முழுப்பேர். அளவு குறைந்தாலோ, பாதியில் வீட்டுக்கு வந்தாலோ அரைப்பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றுவிட்டு, சாயந்தரம் அரைப்பேர் என்று கேட்கும்போது மனசு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இப்போது ஒரு கேள்வி. நம்முடைய விசுவாச வாழ்க்கையைக் கடவுள் செக்ரோலில் எழுதினால், நமக்கு விழுவது முழுப்பேரா, அரைப்பேரா?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடவுள் கங்காணி மாதிரி தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் இல்லை. நாம் எத்தனை கிலோ கொண்டுவந்தோம் என்று பார்த்து அன்பு காட்டுகிறவரும் இல்லை. கோயில் உண்டியலில் பணக்காரர்கள் நிறையப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஒரு ஏழை விதவை இரண்டு சின்னக் காசு போட்டாள் என்று நற்செய்தியில் படிக்கிறோம். எல்லோரையும்விட அவள்தான் அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்னார். கிலோக் கணக்கில் பார்த்தால் அவளுக்குக் கால்பேர்கூட விழாது. ஆனால் அவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டாள். கடவுளுடைய கணக்கில் முழுப்பேர் என்பது அதுதான்: எவ்வளவு என்பதல்ல, எவ்வளவை ஒதுக்கி வைத்துக்கொண்டோம் என்பது.

இன்னொரு இடத்தில், கலப்பையில் கைவைத்த பிறகு திரும்பிப் பார்க்கிறவனைப் பற்றி இயேசு பேசுகிறார் (லூக்கா 9ஆம் அதிகாரம்). உழுகிறவன் பின்னால் பார்த்தால் சால் கோணிப்போகும். நம் மலைகளில் கலப்பை இல்லை. ஆனால் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு இது புரியும். கத்தியை மரத்தில் வைத்துவிட்டுக் கண்ணை வேறெங்கோ வைத்தால் மரமும் பாழ், கையும் பாழ்.

2. கடைசிவரை திரும்பிப் பார்க்காத ஒருவர்

முழு மனசு என்று வாயால் சொல்லுவது லேசு. அப்படி வாழ்ந்த ஒருவரைப் பார்த்தால்தான் விளங்கும். அதற்கு நாம் வெளிநாட்டுக் கதை எதையும் தேட வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, தமிழும் சிங்களமும் பேசி, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை நடந்தே திரிந்த ஒருவர் இருக்கிறார். அவர்தான் புனித யோசப் வாஸ் அடிகளார். "இலங்கையின் அப்போஸ்தலர்" என்று திருச்சபை அவரை அழைக்கிறது.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி இந்தியாவில் கோவாவைச் சேர்ந்த பெனாவ்லிம் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் பேசியது கொங்கணி மொழி. உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட குடும்பம். 1676இல் குருவானார். ஊரிலேயே இருந்திருந்தால் மதிப்பும் மரியாதையுமாக வாழ்ந்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் இலங்கையின் நிலைமை வேறு. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். அதோடு கத்தோலிக்கக் குருமார் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். குருமாருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் கடுந்தண்டனை. ஏறக்குறைய முப்பது வருஷம் இங்கே இருந்த கத்தோலிக்க மக்களுக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. பெரியவர்கள் வாய்வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த செபங்கள் மட்டும்தான் மிச்சம்.

இந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியது. கேட்டவர்கள் பலர் "ஐயோ பாவம்" என்று சொல்லியிருப்பார்கள். யோசப் வாஸ் அடிகளார் அதோடு நிற்கவில்லை. "நான் போகிறேன்" என்றார்.

3. அவர் பாதையில் நாம் கற்கும் நான்கு பாடங்கள்

முதல் பாடம்: முழு மனசு அவசரப்படாது.

அவர் புறப்பட்டது 1686இல். கூட வந்தவர் யோவான் என்ற ஒரு பணியாள். தூத்துக்குடிக்கு வந்து தமிழ் படித்தார். குருவுக்குரிய அங்கியோடு வந்தால் கரையிலேயே பிடித்துவிடுவார்கள். ஆகவே அங்கியைக் களைந்துவிட்டுப் பிச்சைக்காரர் போல உடுத்திக்கொண்டார். 1687இல் உயிர்ப்புத் திருநாள் காலத்தில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்.

இதைக் கவனியுங்கள். ஆர்வம் இருக்கிறது என்று அவர் குதித்து ஓடிவரவில்லை. மக்களுடைய மொழியைப் படித்தார். வழியை விசாரித்தார். காலம் வரும்வரை காத்திருந்தார். முழு மனசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முழு மனசுள்ளவன்தான் ஆயத்தம் செய்வான்; அரை மனசுக்காரன், "போனால் போகட்டும்" என்று கிளம்பி, முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கித் திரும்பி வருவான்.

இரண்டாம் பாடம்: முழு மனசு தாழ்ந்துபோக வெட்கப்படாது.

யாழ்ப்பாணம் சேர்ந்த உடனேயே அவருக்கு வயிற்றுக்கடுப்பு. பிச்சைக்காரரை யார் வீட்டுக்குள் எடுப்பார்கள்? கிடந்த இடத்திலேயே கிடந்தார். ஒரு ஏழைப் பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரைக் காப்பாற்றினாள் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவள் அன்று ஒரு சிரட்டைக் கஞ்சியோடு வராமல் போயிருந்தால் பிற்பாடு நடந்த ஒன்றுமே நடந்திராது. பெயர் தெரியாத இந்த மாதிரி ஆட்கள்தான் திருச்சபையைத் தாங்கிப் பிடித்தவர்கள். நம் லயத்தில் பிள்ளை பெற்றவள் வீட்டுக்குச் சுடுதண்ணீர் போட்டுக் கொடுக்க ஓடுகிற அக்காமாரும் இந்த வரிசையில்தான்.

உடம்பு தேறிய பிறகு அவர் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ, அவர் கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். பிறகு மெதுவாகத் தான் யார் என்று சொன்னார். சில்லாலையில் தங்கி, இரவு நேரத்தில் பூசை வைத்து, விடிவதற்குள் மறைந்துவிடுவார். 1689இல் நத்தார் இரவில் ஒல்லாந்தர் வந்து சோதனை போட்டார்கள். அடிகளார் அகப்படவில்லை. ஆனால் பூசைக்குக் கூடிய மக்களில் பலர் பிடிபட்டுச் சவுக்கடி பட்டார்கள். அதனால், சனங்களுக்கு மேலும் கஷ்டம் வரக்கூடாது என்று கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த புத்தளப் பக்கம் போனார்.

உயர்சாதியில் பிறந்தவர் கையேந்தி நின்றார். நம்மில் சிலருக்குக் கோயிலில் முன்வரிசை கிடைக்காவிட்டாலே மனவருத்தம்! திருவிழாக் கமிட்டியில் பேர் போடவில்லை என்று கோயிலுக்கே வராமல் இருக்கிறவர்களையும் பார்க்கிறோம். அது கடவுளுக்குக் கொடுத்த மனசா, கமிட்டிக்குக் கொடுத்த மனசா?

மூன்றாம் பாடம்: கதவு அடைபட்டாலும் வேலை நிற்காது.

1692இல் அவர் கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கேயருடைய உளவாளி என்று அவர்மேல் பழி சொல்லப்பட்டது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் போட்டான். யோவானும் கூடச் சிறைப்பட்டார்.

"கடவுளுக்காகத்தானே வந்தேன், எனக்கேன் இந்தத் தண்டனை?" என்று அவர் முறையிட்டுக்கொண்டு இருக்கவில்லை. சிறையில் கிடைத்த நாட்களில் சிங்களம் படித்தார். காவல் தளர்ந்ததும் சிறை வளவிலேயே ஒரு குடிசைக் கோயில் போட்டார். கண்டியில் இருந்த கத்தோலிக்கர்கள் அங்கே தேடி வந்தார்கள். போக வேண்டிய இடத்துக்குப் போக முடியவில்லையென்றால், இருக்கிற இடத்தையே வேலைத்தலமாக ஆக்கிக்கொண்டார்.

பிறகு நாட்டில் கடும் வறட்சி வந்தபோது அவர் பொது இடத்தில் செபித்தார் என்றும், மழை கொட்டியது என்றும், அதனால் அரசனுடைய மனம் இளகியது என்றும் மரபாகச் சொல்லப்பட்டு வருகிறது. அரசன் பௌத்தன், கடைசிவரை பௌத்தனாகவே இருந்தான். ஆனாலும் அடிகளாரைத் தன் நாட்டில் சுதந்திரமாக நடமாட விட்டான். இதை நாம் மறக்கக் கூடாது. ஒல்லாந்தர் ஆண்ட இடங்களில், கிறிஸ்தவ அரசே கிறிஸ்தவக் குருவைத் தேடித் திரிந்தது. பௌத்த அரசன் அவருக்கு நிழல் கொடுத்தான்.

நான்காம் பாடம்: எல்லோரும் ஓடும்போது நிற்பது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. இன்றைக்குப் பெரியம்மை உலகத்திலேயே இல்லை. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அது ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. ஆனால் அந்தக் காலத்தில் அம்மை என்றால் ஊரே காலி. அரசனும் நகரை விட்டுப் போனான். நோயாளிகளை வீட்டிலும் காட்டிலும் விட்டுவிட்டு உறவினர்கள் ஓடினார்கள். பெற்ற தாயையே விட்டு ஓடிய காலம் அது.

யோசப் வாஸ் அடிகளாரும், அவருக்கு உதவியாகக் கோவாவிலிருந்து வந்திருந்த மருமகனான யோசப் கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. காட்டில் கிடந்தவர்களைத் தேடிப்போய்க் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். ஆள் இல்லாத வீடுகளை ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். புண்ணைக் கழுவி, கஞ்சி ஊற்றி, செத்தவர்களைத் தங்கள் கையாலேயே குழி வெட்டி அடக்கினார்கள். நீ கத்தோலிக்கனா, பௌத்தனா என்று கேட்டுக் கஞ்சி ஊற்றவில்லை.

கோயில் கட்டியதைவிட, பிரசங்கம் பண்ணியதைவிட, இந்த வேலைதான் கண்டிச் சனங்களின் மனசைத் தொட்டது. சொன்னதைச் செய்கிறவர் என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள்.

அதன் பிறகும் அவர் இளைப்பாறவில்லை. ஒல்லாந்தருடைய கண்ணில் படாமல் கொழும்புக்கும் வந்து மக்களைச் சந்தித்தார். கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் எழுதினார். யோசப் வாஸ் அடிகளாருக்கு ஆயர் பதவி கொடுக்கப் பார்த்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். வந்து இருபத்துநான்கு வருஷம் ஆகப் போகிறது. ஒரு தடவைகூட அவர் ஊருக்குத் திரும்பவில்லை. அவருடைய கல்லறை இருந்த இடமும் இன்று தெரியாது.

1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அதே காலிமுகத்திடலில் 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இலங்கைக்குக் கிடைத்த முதல் புனிதர் அவர். அந்தத் திடலில் கூடிய லட்சக்கணக்கான சனங்களுக்குள்ளே மலைநாட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனவர்களும் இருந்தார்கள்.

4. "அவர் சாமியார், நான் குடும்பக்காரன்"

இதைப் படிக்கும்போது சிலர் மனசுக்குள்ளே சொல்லுவீர்கள்: "அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. கடனும் இல்லை. எனக்கு நாலு பிள்ளைகள், கூட்டுறவுக் கடை பாக்கி வேறு. நான் எப்படி முழு மனசு கொடுப்பது?" நியாயமான கேள்விதான்.

அதற்குத்தான் இன்னொருவரைச் சொல்கிறோம். கன்னியாகுமரிப் பக்கம் நட்டாலம் என்ற ஊரில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை. திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். கலியாணம் ஆனவர். ஒல்லாந்தப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் அரசனிடம் சேர்ந்திருந்த டிலனாய் என்ற தளபதியின் மூலமாகக் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். அதன் பிறகு தேவசகாயம் சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். அது பெரிய குற்றமாகப் போய்விட்டது. 1749இல் பிடிபட்டு, மூன்று வருஷம் கொடுமைகள் அனுபவித்து, 1752 ஜனவரி 14ஆம் திகதி ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் திகதி திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. குருவல்லாத பொதுநிலையினரில், இந்தியாவில் புனிதரான முதல் ஆள் அவர்தான்.

ஆகவே குடும்பம் இருக்கிறது என்பது அரை மனசுக்குச் சாட்டு ஆகாது. குடும்பம்தான் நமக்குக் கடவுள் கொடுத்திருக்கும் மலை. நம்முடைய கொழுந்தை நாம் அங்கேதான் எடுக்க வேண்டும்.

நம் தோட்டங்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில், 1854இல், கண்டியை மையமாக வைத்துத் தோட்டத் தமிழர்களுக்கென்றே ஒரு மிஷன் தொடங்கியது. அப்போது அதன் பெயரே "தமிழ்க் கூலி மிஷன்" என்றுதான் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்துபோய், லயத்து முற்றத்தில் உட்கார்ந்து எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் அதிகம் பேருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

5. நேர்த்தி வேறு, அர்ப்பணிப்பு வேறு

கொழும்புக்குப் போகிற நம் சனங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகாமல் வருவதில்லை. செவ்வாய்க்கிழமையில் அங்கே இந்துக்களும் பௌத்தர்களும்கூட மெழுகுதிரி ஏற்றுவதைப் பார்க்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவோடு அந்தக் கோயிலின் தொடக்கம் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கடல் கரையை அரித்தபோது அவர் சிலுவை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது அந்தப் பகுதி மீனவர்களின் நம்பிக்கை.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, அந்தக் கோயிலிலும் வேறு கோயில்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. 250க்கும் அதிகமானவர்கள் உயிரிழந்தார்கள். பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இறந்தார்கள். ஆனால் அதே வருஷம் ஜூன் 12ஆம் திகதி, திருநாளுக்கு முதல் நாள், கோயில் திரும்பவும் திறக்கப்பட்டது. சனங்கள் பயத்தோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் வந்தார்கள். பயமே இல்லாமல் இருப்பதுதான் முழு மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். பயத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வருவதும் முழு மனசுதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "பிள்ளைக்குச் சுகம் வந்தால் மெழுகுதிரி ஏற்றுகிறேன்" என்பது நேர்த்தி. அது தப்பில்லை. கஷ்டத்தில் இருக்கிறவன் கடவுளைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவான்? ஆனால் நேர்த்தி முடிந்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. அர்ப்பணிப்பு அப்படி இல்லை. "சுகம் வந்தாலும் வராவிட்டாலும் நான் உம்முடைய ஆள்" என்பது அர்ப்பணிப்பு. நேர்த்தி கைக்காசு மாதிரி. அன்றன்றைக்குக் கணக்குத் தீர்ந்துவிடும். அர்ப்பணிப்பு செக்ரோலில் பேர் பதிந்த மாதிரி. மழையிலும் வெயிலிலும் நாம் அந்த மலைக்குச் சொந்தம்.

6. நம் லயத்தில் முழு மனசு எப்படி இருக்கும்?

நலன்புரி வேலையாக லயம் லயமாகப் போகிற நாங்கள் நிறையப் பார்க்கிறோம். நத்தாருக்குப் புது உடுப்பு, வீட்டில் சோடனை, நட்சத்திரக் கூடு எல்லாம் இருக்கும். தை மாதம் பிறந்தால் பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசு இல்லை. திருவிழா அன்று கொடி பிடித்தவர், அன்றிரவே கசிப்புக் குடித்துவிட்டு வந்து வீட்டில் அடிக்கிறார். காலையில் செபம் சொன்ன வாய், சாயந்தரம் பக்கத்துக் காம்பராவோடு தண்ணிப் பீலிச் சண்டையில் என்னென்ன சொல்லுகிறது என்று எழுத முடியாது. இதெல்லாம் அரைப்பேர் கிறிஸ்தவம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்துவிட்டு, மிச்சம் ஆறு நாளும் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்ட கணக்கு.

முழுப்பேர் எப்படி இருக்கும்? நாலு விஷயம் சொல்கிறோம்.

சம்பள நாளில்: கைக்கு வந்த காசில் முதலில் அரிசி மா, பிள்ளைகளுடைய படிப்பு, கடன் தவணை. இது விசுவாசத்துக்கு வெளியே உள்ள சங்கதி இல்லை. சம்பளத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் நம் மனசு யாரிடம் இருக்கிறது என்று தெரியும். ஒரு மாதத்துக் குடிச் செலவைத் தனியே ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். வேறு பிரசங்கம் தேவைப்படாது.

பிள்ளைகள் விஷயத்தில்: பதினாறு வயது வரைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வெள்ளவத்தையில் வீட்டு வேலை இருக்கிறது, கொட்டாஞ்சேனையில் கடை வேலை இருக்கிறது, சாப்பாடும் சம்பளமும் தருவார்கள் என்று தரகர் வந்து சொன்னால், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். பிள்ளையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தோம் என்று ஞானஸ்நானத்தன்று சொல்லிவிட்டு, பிற்பாடு தரகர் கையில் கொடுப்பது சரியா? கஷ்டம் இருந்தால் நலன்புரிக் காரியாலயத்துக்கு வந்து பேசுங்கள். பள்ளி அதிபரிடம் பேசுங்கள். பேசினால் வழி பிறக்கும்.

நோய் நொடியில்: யோசப் வாஸ் அடிகளார் அம்மைக்காரரைத் தேடிப் போனார். நம் லயத்தில் காசநோய் என்று தெரிந்தால் அந்த வீட்டுத் திண்ணையில்கூட யாரும் உட்காருவதில்லை. காசநோய்க்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ டாக்டர் சொன்னபடி ஒழுங்காக மருந்து எடுத்தால் சுகமாகும். அந்த ஆளுக்கு மருந்தை ஞாபகப்படுத்துவதும், கிளினிக் நாளில் கூடப் போவதும் இன்றைய கண்டிச் சேவைதான்.

அயலவரோடு: மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்படிக்கும்போது காதைப் பொத்திக்கொள்வதும், "அது பேய்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் முழு மனசுக்கு அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவன் என்று இருக்கிற இடங்களில் இதனால் செத்த வீட்டுக்குக்கூடப் போகாமல் இருக்கிறார்கள். பௌத்த அரசன் நிழலில் இருந்து, எல்லா மதத்தாருக்கும் கஞ்சி ஊற்றிய புனிதரை நினையுங்கள். தன் விசுவாசத்தில் உறுதியாக இருக்கிறவனுக்கு மற்றவன் விசுவாசத்தைத் திட்டத் தேவை வராது.

7. முழு மனசு அல்லாதவை

கடைசியாக ஒரு எச்சரிக்கை. முழு மனசு என்ற பேரில் ஏமாந்துபோகவும் கூடாது.

"உன்னிடம் இருப்பதையெல்லாம் கொடு, கடவுள் பத்து மடங்கு தருவார்" என்று சொல்லி நகையை அடகு வைக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், கொடுக்காதீர்கள். அந்த ஏழை விதவையிடம் யாரும் காசைப் பிடுங்கவில்லை. விதவைகளின் வீட்டை விழுங்குகிறவர்களை இயேசு அதற்குச் சற்று முன்புதான் கண்டித்திருந்தார்.

"செபம் பண்ணினால் போதும், மருந்து வேண்டாம்" என்பதும் முழு மனசு அல்ல. சீனி வருத்தத்துக்கோ, பிரஷருக்கோ மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்து எடுத்துக்கொண்டே செபிக்கலாம்.

"அடித்தாலும் பொறுத்துக்கொள், அதுதான் சிலுவை" என்று அடிபடுகிற பெண்ணிடம் சொல்வதும் முழு மனசு அல்ல. யோசப் வாஸ் அடிகளார் தானாகத் தேர்ந்தெடுத்துச் சிலுவை சுமந்தார். ஒருவர் தலையிலும் ஏற்றி வைக்கவில்லை. சனங்களுக்குத் தன்னால் அடி விழுகிறது என்று கண்டதும் அந்த ஊரையே விட்டுப் போனார். அடிபடுகிற தங்கச்சி, அக்கா யாராக இருந்தாலும் மறைக்காமல் எங்களிடமோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ, பொலிஸிலோ வந்து சொல்லலாம்.

8. விழுந்தவனுக்கும் பேர் உண்டு

"நான் எத்தனையோ தடவை நிறுத்துகிறேன் என்று சொல்லித் திரும்பவும் குடித்தேன். எனக்கு இனி முழு மனசு ஏது?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறீர்கள். கவ்வாத்து வெட்டின மலையைப் பாருங்கள். வெட்டின கையோடு பார்த்தால் வெறும் குச்சிதான் நிற்கும். இது செத்துப்போன மரம் என்று புதிதாக வருகிறவன் சொல்லுவான். நமக்குத் தெரியும், வேர் உயிரோடு இருக்கிறது. சில மாதத்தில் தளிர் வரும். அதற்குள் யாரும் அந்த மரத்தைப் பிடுங்கிப் போடுவதில்லை.

கடவுளும் அப்படித்தான். பேதுரு மூன்று தடவை இயேசுவைத் தெரியாது என்றார். அவரிடம் இயேசு திரும்ப வந்து கேட்டது, "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று அல்ல, என்னை நேசிக்கிறாயா என்றுதான். அதையும் மூன்று தடவை கேட்டார். நாளைக் காலையில் திரும்பப் பிரட்டுச் சங்கு ஊதும். நேற்று அரைப்பேர் விழுந்தவனும் இன்றைக்கு முழுப்பேருக்குப் போகலாம்.

குடும்பமாக உட்கார்ந்து பேச:

1. யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கையில் எந்தச் சம்பவம் உங்கள் மனசில் நின்றது? ஏன்? பிள்ளைகளை முதலில் சொல்லவிடுங்கள்.

2. அவருக்குக் கஞ்சி கொடுத்த பெண்ணைப் போல, நம் லயத்தில் பேர் தெரியாமல் உதவி செய்கிறவர் யார்? அவருக்கு நாம் எப்போதாவது நன்றி சொல்லியிருக்கிறோமா?

3. நம் வீட்டில் எந்த விஷயத்தில் அரைப்பேர் விழுகிறது? சம்பளமா, குடியா, பிள்ளைகளின் படிப்பா, வாய்ச்சண்டையா? ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லாமல், ஆளுக்கு ஒன்று தன்னைப் பற்றிச் சொல்லுங்கள்.

4. வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு அயல் வீட்டுக்கு இந்த மாதம் நாம் செய்யக்கூடிய ஒரு நன்மை என்ன?

இந்த மாதம் செய்து பார்க்க:

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிஷம் வீட்டார் எல்லோரும் சேர்ந்து செபியுங்கள். ஐந்து நிமிஷம் போதும். ஆனால் ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள். கூடவே, மேலே மூன்றாம் கேள்விக்கு நீங்கள் சொன்ன ஒரே ஒரு விஷயத்தைத் திருத்தப் பாருங்கள். பத்து விஷயத்தைத் தொட்டு அரைகுறையாக விடுவதைவிட, ஒன்றை எடுத்து முழுதாகச் செய்வதே மேல்.

உங்கள் வீடுகளில் சமாதானமும் பிள்ளைகளுக்கு நல்ல காலமும் உண்டாக வாழ்த்துகிறோம்.

தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்